வில்லார்ட் மனநல மருத்துவமனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் மாநிலத்தில் 1869இல் திறக்கப்பட்டு 1995இல் மூடப்பட்ட அரசு மனநல மருத்துவமனை வில்லார்ட். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது பேய்க் கேள்வி. அதற்கும் இங்கே பதில் உண்டு, ஆனால் பின்னால் வைத்திருக்கிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

வில்லார்ட் எங்கே இருக்கிறது?

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டிடங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நகரத்திலிருந்து வடமேற்கே சாலை வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். விரல்களை விரித்து வைத்தாற்போல் நீளநீளமாக ஏரிகள் கிடக்கும் பகுதி அது. 'விரல் ஏரிகள்' என்றே அதற்குப் பெயர். அவற்றில் ஒன்றான செனெக்கா ஏரியின் கிழக்குக் கரையில், ஓவிட், ரோமுலஸ் என்ற இரண்டு சிற்றூர்களின் எல்லையில் மருத்துவமனை இருந்தது. சரிந்து இறங்கும் வயல்கள், கீழே நீலமாக ஏரி. பார்ப்பவர் யாரும் அழகான இடம் என்றுதான் சொல்வார்கள்.

மருத்துவமனைக்கு முன்பு அங்கே மாநிலத்தின் வேளாண்மைக் கல்லூரி இருந்தது. 1860 டிசம்பரில் திறந்தார்கள். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. கல்லூரித் தலைவர் மார்செனா பேட்ரிக் படைக்குப் போய்விட்டார். கல்லூரி அதோடு படுத்தது. கட்டிடமும் நிலமும் அரசின் கையில் சும்மா கிடந்தன. ஆயிரக்கணக்கானோரின் வாழ்நாள் இந்த ஊரில் கழிந்ததற்கு இந்தச் சும்மா கிடந்த நிலமும் ஒரு காரணம்.

எதற்காக இப்படி ஒரு மருத்துவமனை? அப்போது வேறு எதுவும் இல்லையா?

இருந்தது. யூட்டிகா நகரில் 1843 முதல் மாநில மனநலக் காப்பகம் இயங்கியது. ஆனால் அது குணமாகக் கூடியவர்களுக்கு மட்டும். ஓரிரு ஆண்டுகளில் தேறாதவர்களை, அவர்கள் எந்தக் கவுண்டியிலிருந்து வந்தார்களோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம். கவுண்டியில் அவர்களுக்கென்று இருந்தது ஏழையர் இல்லம் ஒன்றுதான். ஆதரவற்ற முதியவர், அனாதைக் குழந்தை, குடிகாரர், பார்வையற்றவர், மனநோயாளி எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்து, ஊர் வரிப்பணத்தில் முடிந்தவரை மலிவாகச் சோறு போடும் இடம் அது. சத்தம் போடுகிறவரைச் சங்கிலியில் கட்டுவார்கள். கவனிக்க ஆள் போடுவதைவிடச் சங்கிலி மலிவு.

சமூகச் சீர்திருத்தவாதி டோரதியா டிக்ஸ் இந்த இல்லங்களைச் சுற்றிப் பார்த்து, 1844இலேயே நியூயார்க் சட்டமன்றத்துக்கு நீண்ட விண்ணப்பம் கொடுத்தார். அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் எதுவும் அசையவில்லை.

வில்லார்ட் என்பது யாருடைய பெயர்?

சில்வெஸ்டர் வில்லார்ட் என்ற மருத்துவரின் பெயர். மாநில மருத்துவச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். 1864இல் அரசு அவரிடம் ஒரு கணக்கெடுப்பை ஒப்படைத்தது. ஒவ்வொரு கவுண்டியிலும் ஒரு மருத்துவர் ஏழையர் இல்லத்துக்குப் போய் எத்தனை மனநோயாளிகள், எப்படிப்பட்ட அறை, என்ன படுக்கை, குளிக்க வசதி உண்டா, சங்கிலி போடுகிறார்களா என்று எழுதி அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த பதில்களின்படி, நியூயார்க், புரூக்ளின் பெருநகரங்களைச் சேர்க்காமலே 1,300க்கும் மேற்பட்ட மனநோயாளிகள் அந்த இல்லங்களில் கிடந்தார்கள். வைக்கோலில் படுப்பவர்கள், உடையில்லாதவர்கள், குளிரில் கால் அழுகியவர்கள் என்று அறிக்கை போகிறது.

டிக்ஸின் விண்ணப்பம் நெஞ்சைத் தொடுவதற்காக எழுதப்பட்டது. வில்லார்டின் அறிக்கை கவுண்டிவாரியாக எண்ணிக்கை சொன்னது. சட்டமன்றம் எண்ணிக்கைக்கு அசைந்தது. இந்த எண்ணும் வேலை கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கல்லறைக் கேள்வியில் பார்க்கலாம்.

புதிய காப்பகத்துக்கு வேறொரு மூத்த மருத்துவரின் பெயரை வைக்க வேண்டும் என்பதுதான் வில்லார்டின் விருப்பம். ஆனால் 1865 ஏப்ரல் 2ஆம் தேதி அவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். ஆறு நாள் கழித்துச் சட்டம் நிறைவேறியது. சட்டமன்றம் அவர் பெயரையே வைத்துவிட்டது.

முதல் நோயாளி சங்கிலியோடு வந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1869 அக்டோபர் 13ஆம் தேதி ஏரிக்கரைத் துறையில் நீராவிப் படகு வந்து நின்றது. அதிலிருந்து இறக்கப்பட்டவர் ஒரு பெண். கொலம்பியா கவுண்டியின் ஏழையர் இல்லத்தில், படுக்கையும் உடையும் இல்லாமல், பத்தாண்டு சங்கிலியில் கிடந்தவர். உடல் கோணிப்போயிருந்தது. அதே நாளில் மூன்று ஆண்களும் விலங்கோடு வந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கோழிக்கூண்டு போன்ற ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

இறங்கியதும் விலங்குகளைக் கழற்றினார்கள்; குளிப்பாட்டினார்கள்; உடை கொடுத்தார்கள்; சாப்பாடு போட்டுப் படுக்க வைத்தார்கள். எவ்வளவு சின்ன விஷயம் என்று தோன்றலாம். பத்தாண்டாக அந்தச் சின்ன விஷயத்தைச் செய்ய ஒருவரும் இல்லை.

அப்படியானால் அது நல்ல இடம்தானே? ஏன் எல்லாரும் கொடுமைக்கூடம் போலப் பேசுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கேட்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

முதல் கண்காணிப்பாளர் ஜான் சேப்பின். 1869 முதல் 1884 வரை பொறுப்பில் இருந்தார். ஏழையர் இல்லத்திலிருந்து வந்தவர்களைச் சங்கிலியில்லாமல் வைத்திருக்க முடியும் என்று செய்து காட்டினார். ஒரே பெரும் கட்டிடத்தில் எல்லாரையும் அடைப்பதற்குப் பதிலாகத் தோட்டத்துக்கு நடுவே தனித்தனிக் கட்டிடத் தொகுதிகள் கட்டி, அமைதியானவர்களை அங்கே குடியமர்த்தினார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான ஏற்பாடு.

சிக்கல் கருணையில் இல்லை, சட்டத்தின் முதல் வரியிலேயே இருந்தது. இது 'நாட்பட்ட' மனநோயாளிகளுக்கான காப்பகம். குணமாகிறவர் யூட்டிகாவுக்கு, குணமாகாதவர் வில்லார்டுக்கு. உள்ளே வரும்போதே 'இவர் தேறமாட்டார்' என்று முடிவெழுதி அனுப்புகிறார்கள் என்றால், அவர் வெளியே போவதற்கான வழியை யார் யோசிப்பார்கள்? அன்றைய அமெரிக்க மனநலக் கண்காணிப்பாளர்களின் சங்கமே இந்தப் பிரிவினையை எதிர்த்தது. தேறாதவர்களுக்கென்று தனி இடம் கட்டினால் அது நம்பிக்கையிழந்தவர்களின் கிடங்காகிவிடும் என்றார்கள். வில்லார்ட் ஆதரவாளர்களின் பதில்: அவர்கள் இப்போது சங்கிலியில் கிடக்கிறார்களே, அதைவிடக் கிடங்கு மேல் அல்லவா?

இரண்டு தரப்பும் சொன்னது சரியாகிவிட்டது என்பதுதான் வில்லார்டின் கதை. மருத்துவமனை இயங்கிய காலத்தில் அங்கே சேர்க்கப்பட்டவர்கள் 50,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அங்கேயே இறந்தார்கள்.

என்ன நோய் இருந்தவர்களை அனுப்பினார்கள்?

இன்று மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று நாம் சொல்லும் நோய்கள் உள்ளவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் மட்டும் இல்லை. வலிப்பு நோயாளிகள் இருந்தார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் முற்றி மூளையைத் தாக்கியவர்கள் பெருங்கூட்டமாக இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் வற்றியது. முதுமையில் நினைவு தப்பியவர்கள் இருந்தார்கள். ஆங்கிலம் பேசவராத குடியேறிகள் இருந்தார்கள். கணவன் இறந்த, வேலை போன, கடனில் விழுந்த அதிர்ச்சியில் நிலைகுலைந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவருக்கு உணவகத்தில் உடைந்த தட்டில் சாப்பாடு வைத்தார்கள். அவர் ஆத்திரத்தில் ரகளை செய்தார். அங்கிருந்து தொடங்கிய பாதை அவரை வில்லார்டில் கொண்டுவந்து விட்டது. அவருக்கு நோய் இருந்ததா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவரை யாரும் எங்கும் அனுப்பவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

எப்படி இவ்வளவு பெரிதானது?

திறந்து பத்தாண்டு ஆவதற்குள் நோயாளிகள் 1,500 பேர். அன்று அமெரிக்காவிலேயே பெரிய மனநலக் காப்பகம் அதுதான். 1890இல் இன்னொரு சட்டம் வந்தது. ஏழை மனநோயாளிகளின் முழுச் செலவையும் கவுண்டிகளிடமிருந்து மாநில அரசு ஏற்றுக்கொண்டது. பெயரும் 'வில்லார்ட் அரசு மருத்துவமனை' என்று மாறியது.

நல்ல நோக்கத்துச் சட்டம்தான். ஆனால் கவுண்டி அதிகாரிகள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். தங்கள் இல்லத்தில் கிடக்கும் நினைவு தப்பிய கிழவருக்குச் செலவு செய்தால் உள்ளூர் வரி ஏறும். 'மனநோய்' என்று எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் காசு மிச்சம். நாடு முழுதும் இதே நடந்தது. முதியோர் இல்லத்தின் வேலையையும் மனநல மருத்துவமனைகளே செய்யத் தொடங்கின. வில்லார்டில் ஒரு காலத்தில் நோயாளிகள் 4,000 பேரைத் தாண்டினார்கள். சுற்றியிருந்த எந்த ஊரையும்விடப் பெரிய ஊர். தனி ரயில்பாதை, பண்ணை, தையற்கூடம், செருப்புத் தைக்கும் பட்டறை, நாடக மேடை, செவிலியர் பள்ளி எல்லாம் உள்ளேயே இருந்தன.

பெயர் மாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1869இல் காப்பகம், 1890இல் மருத்துவமனை, 1974இல் மனநல மையம். நம் ஊரில் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' 'மனநலக் காப்பகம்' ஆனதைப் போலத்தான். பலகை மாறிய மறுநாளும் அதே கட்டில், அதே சன்னல்.

உள்ளே அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பெரும்பாலும் வேலை. ஆண்கள் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும், பெண்கள் சலவையிலும் தையலிலும் சமையலிலும். நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தில் விளைந்ததைத்தான் சாப்பிட்டார்கள். கிழிந்த துணியை நோயாளியே தைத்தார், தரையை நோயாளியே துடைத்தார், இறந்த நோயாளிக்குக் குழியையும் நோயாளியே வெட்டினார்.

கூலி கிடையாது. வேலையே மருந்து என்றார்கள். அது முழுப்பொய் இல்லை. பகல் முழுவதும் நீண்ட தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட உருளைக்கிழங்கு தோண்டுவது பலருக்கு மேலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த மருந்தில் மருத்துவமனைக்கு லாபம் இருந்தது. நன்றாக வேலை செய்கிற, தொல்லை தராத ஒருவரை 'தேறிவிட்டார், வீட்டுக்கு அனுப்பலாம்' என்று சொல்வதில் நிர்வாகத்துக்கு இழப்பு. யாரை முதலில் அனுப்பியிருக்க வேண்டுமோ அவரே நிர்வாகத்துக்கு மிகவும் தேவைப்பட்டார். 1973இல் மத்திய நீதிமன்றம் ஒன்று, நோயாளி செய்யும் வேலையால் நிறுவனம் பயனடைந்தால் அவருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கூலி தருவதா என்ற பேச்சு வந்ததும் நாடெங்கும் மருத்துவமனைகளில் 'வேலை சிகிச்சை' மளமளவென்று குறைந்துபோனது.

சிகிச்சை என்று எதுவுமே இல்லையா?

முதல் அறுபது எழுபது ஆண்டுகளில் ஓய்வு, உணவு, குளியல், தூக்க மருந்து, வேலை. 1940களில் மின்னதிர்ச்சி சிகிச்சை. 1950களின் நடுவில் குளோர்புரோமசைன் என்ற மனநோய் மருந்து. அந்த மாத்திரை வந்த பிறகு வார்டுகளில் கூச்சல் அடங்கியது. நோய் எவ்வளவு அடங்கியது, மனிதர் எவ்வளவு அடங்கினார் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. பல்லாண்டு தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நாக்கும் உதடும் தானாக அசையும் பக்கவிளைவு வந்தது. பார்ப்பவர்கள் அதையும் பைத்தியத்தின் அடையாளம் என்றே நினைத்தார்கள்.

நோயாளிகளின் பெட்டிகள் கிடைத்தன என்கிறார்களே, அது என்ன கதை?

வில்லார்டின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்ததே இவற்றால்தான். 1995இல் மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று பார்த்துக்கொண்டே வந்த ஊழியர்கள், பயிற்சிப் பட்டறை இருந்த கட்டிடத்தின் பரணுக்கு ஏறினார்கள். அங்கே புறா எச்சத்துக்கும் தூசிக்கும் நடுவே மரத் தட்டுகளில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தோல் பெட்டி, தகரப் பெட்டி, அட்டைப் பெட்டி, கப்பல் பயணத்துக்கான பெரிய டிரங்குப் பெட்டி என்று நானூறுக்கும் மேல். நோயாளிகள் சேர்ந்த அன்று கையில் கொண்டுவந்தவை. வாங்கி, பெயர்ச்சீட்டுக் கட்டி, மேலே வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் 1910 முதல் 1960கள் வரையிலானவை.

நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் கிரெய்க் வில்லியம்ஸ் வந்து பார்த்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பாதுகாத்தார். அந்த ஒரு மனிதருக்கு அந்த ஒரு நாள் வேறு வேலை இருந்திருந்தால் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். பிறகு டார்பி பென்னி என்ற மனநல உரிமைச் செயற்பாட்டாளரும் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற மனநல மருத்துவரும் பல ஆண்டு உட்கார்ந்து பெட்டிகளையும் மருத்துவக் கோப்புகளையும் ஒப்பிட்டுச் சில வாழ்க்கைகளை மீட்டெடுத்தார்கள். 2004இல் ஆல்பனி நகரத்து அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தார்கள். புகைப்படக் கலைஞர் ஜான் கிறிஸ்பின் 2011 முதல் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து படமெடுத்தார்.

உள்ளே என்ன இருந்தது? பல் துலக்கும் பொடி. அலாரம் கடிகாரம். குழந்தைச் சட்டைகள். பாதி தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. காதல் கடிதம். பிரெஞ்சுப் பாடப்புத்தகம். மடிப்புக் கலையாத ராணுவ உடையில் எடுத்த புகைப்படம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த செவிலி ஒருவரின் உடைமைகள் மட்டும் பதினெட்டுப் பெட்டிகளும் மூட்டைகளும். தேநீர்க் கோப்பை முதல் திரைச்சீலை வரை ஒரு வீடே அதில் இருந்தது. மருத்துவக் கோப்பில் அவர் சில பக்கங்கள்தான்.

என்னை அதிகம் உறுத்துவது உள்ளிருந்த பொருட்கள் அல்ல, அவை இருந்த விதம். பயணத்துக்குக் கட்டிய பெட்டிகள் அவை. இஸ்திரி போட்ட சட்டை, ஷேவிங் பிரஷ், ஊர் திரும்பும்போது போட்டுக்கொள்ள நல்ல காலணி. ஒரு வாரம், பத்து நாள் தங்கிவிட்டு வரப்போகிறவர் கட்டும் பெட்டி.

ஏன் மூடினார்கள்?

பொதுவாகச் சொல்லப்படும் பதில்: மருந்து கண்டுபிடித்தார்கள், நோயாளிகளை வெளியே விட்டார்கள். அதில் பாதிதான் உண்மை.

1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 5 லட்சத்து 59 ஆயிரம் பேர் இருந்தார்கள்; நியூயார்க் மாநிலத்தில் மட்டும் 90,000க்கும் மேல். 1963 அக்டோபர் 31ஆம் தேதி ஜான் கென்னடி சமுதாய மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைக்குப் பதில் ஊருக்கு ஊர் சிறு மையம் என்பது திட்டம். மூன்று வாரத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திட்டமிட்ட மையங்களில் ஏறக்குறையப் பாதி எழும்பவே இல்லை.

காசுக்கணக்கு 1965இல் வந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை மத்திய அரசு கொண்டுவந்தபோது, மனநல மருத்துவமனையில் இருக்கும் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிலிருந்து பணம் கிடையாது என்று விதித்தது. அதே நோயாளி மருத்துவ விடுதிக்கோ பொது மருத்துவமனைக்கோ மாறினால் மத்திய அரசு செலவில் பங்கு தரும். 1890இல் கவுண்டிகள் போட்ட கணக்கை இப்போது மாநிலங்கள் போட்டன, எதிர்த்திசையில். மனிதர்களை உள்ளே தள்ளியதும் வெளியே தள்ளியதும் யார் செலவு செய்வது என்ற ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்தன. பிறருக்கு ஆபத்தில்லாத, தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரை வெறுமனே அடைத்து வைக்கக் கூடாது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வில்லார்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1995இல் கதவு சாத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் அந்தப் பகுதியில் ஏராளம். அப்பா சமையற்கூடத்தில், மகள் வார்டில், பேரன் கொதிகலனில் என்று. அவர்கள் மூடலை எதிர்த்தார்கள். வேலைக்காக மட்டும்தான் எதிர்த்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. முப்பதாண்டு ஒரே மனிதருக்குச் சோறு பரிமாறியவர்கள் அவர்கள்.

மூடிய பிறகு அந்த இடம்?

சிறைத்துறைக்குப் போனது. அதே 1995இல் போதைக் குற்றங்களில் சிக்கியவர்களையும் பரோல் விதி மீறியவர்களையும் 90 நாள் ராணுவப் பாணியில் பயிற்றும் முகாமாக்கினார்கள். மனநல மருத்துவமனைகள் மூடினால் சிறைகள் நிறையும் என்று ஆய்வாளர்கள் நாடு தழுவிய அளவில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லார்டில் இடைத்தரகர்கூட இல்லாமல் மருத்துவமனையே சிறையானது. அந்த முகாமும் 2022 மார்ச்சில் மூடப்பட்டது.

பழைய கட்டிடங்களில் பல முன்பே போய்விட்டன. வில்லார்ட் காப்பகம் 1975இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. முதல் கண்காணிப்பாளர் பெயரைத் தாங்கிய முதன்மைக் கட்டிடம் அதற்குப் பிறகு இடிக்கப்பட்டது.

பேய் உண்டா?

இல்லை. பேயை நம்புகிறவர்களிடம் சண்டைக்கு வரவில்லை. நோயாளி என்றாலே அலறல், தாழ்வாரம், நிழலுருவம் என்று பயம் காட்டுவது, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த அதே பயத்தின் மிச்சம். சிபிலிஸ் வந்த தச்சரும் மகனுக்குச் சட்டை தைத்த தாயும் செத்த பிறகும் நம்மை மிரட்டிக்கொண்டு திரிய வேண்டுமா?

கல்லறைகளில் பெயரே இல்லை என்கிறார்களே?

ஆம். ஏரியைப் பார்த்த சரிவில் 5,776 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு, யூதர் என்று பகுதி பிரித்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்களுக்கு மட்டும் பெயர் பொறித்த வெள்ளைக் கல். அது ராணுவம் கொடுத்த மரியாதை. மற்றவர்களுக்கு எண் போட்ட இரும்பு அடையாளம். அதிலும் பலவற்றைப் புல்வெட்டும் எந்திரத்துக்கு இடைஞ்சல் என்று பிறகு எடுத்துவிட்டார்கள். இன்று பார்த்தால் வெறும் புல்வெளி. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிவைத்த மொழிக்காரர்களான நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே கசக்கும்.

அந்தக் குழிகளில் 1,500க்கும் மேற்பட்டவற்றைத் தோண்டியவர் ஒரு நோயாளி. லாரன்ஸ் மோக்கா. அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவிலிருந்து வந்து நியூயார்க் நகரில் சன்னல் துடைத்தவர். 1918இல் வில்லார்டுக்கு அனுப்பப்பட்டார். 1937 முதல் குழி வெட்டினார். சுவர் செங்குத்தாக, மூலை பிசகாமல், அளந்து வெட்டுவாராம். கல்லறை மேட்டிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு பெரும்பாலான நேரம் அங்கேயே இருந்தார். 1968இல் தொண்ணூறு வயதில் இறந்து, தான் தோண்டிய குழிகளுக்கு நடுவே பெயரில்லாமல் புதைக்கப்பட்டார். உள்ளூர்த் தன்னார்வலர்கள் பல ஆண்டு அரசோடு மல்லுக்கட்டி, 2015 மே மாதம் அவர் பெயர் பொறித்த நினைவுப் பலகையை அங்கே நிறுவினார்கள்.

மற்றவர்களின் பெயர்களையும் பொறிக்க வேண்டியதுதானே?

அரசு நெடுங்காலமாக மறுத்து வந்திருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், உறவினர் சம்மதம் வேண்டும் என்பது மாநில மனநலத் துறையின் வாதம். வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. தாத்தாவின் அக்கா மனநல மருத்துவமனையில் இறந்தார் என்பதை வெளியே சொல்ல விரும்பாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மருத்துவ அந்தரங்கத்தைக் காக்கும் மத்திய அரசின் விதியே 2013இல் திருத்தப்பட்டுவிட்டது: இறந்து 50 ஆண்டு கடந்தவரின் மருத்துவக் குறிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்னசோட்டா மாநிலத்தில் 1990களிலிருந்தே எண் கற்களை மாற்றிப் பெயர்க் கற்களை நட்டு வருகிறார்கள். அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. 1880இல் இறந்த ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை 5,776இல் ஒரு எண்ணாக்கித்தான் காக்க வேண்டுமா? உயிரோடிருந்தபோது அந்தரங்கமாக உடை மாற்ற ஒரு திரைகூட வார்டில் இல்லை.

என் குடும்பத்தில் ஒருவர் அங்கே இருந்திருக்கலாம். தேட முடியுமா?

மருத்துவக் கோப்புகள் ஆல்பனியில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவை பொதுமக்கள் எடுத்துப் பார்க்கும் நிலையில் இல்லை. உறவுமுறையை நிறுவி அனுமதி கேட்க வேண்டும், அப்போதும் கிடைப்பது உறுதியில்லை.

வேறொரு வழி இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 ஆண்டு கழித்துப் பொதுவெளிக்கு வந்துவிடும். கணக்கெடுப்பாளர் வில்லார்டுக்குள்ளும் போனார். வார்டு வார்டாக நடந்து ஒவ்வொருவரையும் எழுதினார். 1870இலிருந்து பார்க்கலாம், 1890ஆம் ஆண்டுத் தாள்கள் மட்டும் தீவிபத்தில் போய்விட்டன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின. செனெக்கா கவுண்டி என்று தேர்ந்து, ஓவிட், ரோமுலஸ் இரண்டு ஊர்களின் தாள்களையும் பாருங்கள். மருத்துவமனை இரண்டிலும் பரவிக் கிடந்தது. வரிசையாக வரும் வரிகளில் 'நோயாளி' என்ற குறிப்பு இருக்கும். பழைய தாள்களில் அதைவிடக் கடுமையான சொற்கள் இருக்கும். அதே வரியில் வயது, பிறந்த நாடு. வரியின் தொடக்கத்தில், கையெழுத்தில், பெயர். எழுத்துக்கூட்டல் பிழையாக இருக்கலாம். உச்சரிப்பு புரியாத கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.